வலப்பக்கத்து நாற்காலி

பேய் இரவில்தான் வரும் என்று நம்புகிறவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இது நடந்தது பட்டப்பகலில். மதியம் ஒன்று ஐந்துக்கு ஆரம்பித்து இரண்டு ஐம்பத்திரண்டுக்கு ஓய்ந்தது. வெளியே நல்ல வெயில். காய்ச்சல் இல்லை, தூக்கக் கலக்கம் இல்லை, வயிற்றில் ஒரு காபியைத் தவிர எதுவும் இல்லை. இந்த நேரங்களை நான் யோசித்து எழுதவில்லை. அன்று என் கையால் நிரப்பிய நோயாளிக் குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அந்தத் தாளில் பொய் எழுதினால் என் வேலை போய்விடும்.

என் வேலை என்னவென்றால், வெளிநாட்டில் நோயில் விழுந்தவர்களை விமானத்தில் கூட்டிக்கொண்டு வந்து வீட்டாரிடம் ஒப்படைப்பது. நான் நர்ஸ். பதினாறு வருடத்தில் முப்பத்தோரு நாடுகளுக்குப் போய்வந்திருக்கிறேன். "குடுத்து வச்சவடி நீ" என்பாள் அக்கா. நான் பார்த்ததெல்லாம் முப்பத்தோரு நாட்டு ஆஸ்பத்திரி லிஃப்டுகள், சக்கர நாற்காலி ஏறும் சரிவுகள், ஆம்புலன்ஸின் உட்கூரை. உலகமே வரிசையில் நின்று பார்க்கும் கோபுரம் ஒன்றை, ஒரு ஆஸ்பத்திரியின் சலவை அறை ஜன்னல் வழியாகப் பாதி பார்த்திருக்கிறேன். மீதிப் பாதியைத் தண்ணீர்த் தொட்டி மறைத்துக்கொண்டது.

மறக்க முடியாத பயணம் எது என்று கேட்பார்கள். இதைச் சொல்ல ஆரம்பித்தால் கேட்டவர்களே பேச்சை மாற்றிவிடுகிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

அவர் கிரேன் ஓட்டுபவர். ஐம்பத்தாறு வயது. பத்தொன்பது வருடமாக அயல்நாட்டில், கட்டிக்கொண்டிருக்கும் கட்டடங்களுக்கும் மேலே, ஓர் ஆள் மட்டும் உட்காரக்கூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் வேலை. பதினோரு நாளுக்கு முன்பு அந்தக் கூண்டிலேயே பக்கவாதம் வந்துவிட்டது. வலது கையும் வலது காலும் போயின. பேச்சு அடியோடு போயிற்று. நாம் சொல்வது புரியும். பதில் வராது.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் அவருடைய மனைவியின் அண்ணன் போன் செய்தார்.

"சிஸ்டர், ஒரு விஷயம். என் தங்கச்சி மூணு நாள் முன்னாடி தவறிட்டா."

"அய்யோ. என்னாச்சு?"

"ஹார்ட்டு. ஏற்கெனவே ஆபரேஷன் பண்ணினவ. தூக்கத்துலயே போயிட்டா. எல்லாம் முடிச்சாச்சு. மாப்ளைகிட்ட மட்டும் மூச்சு விட்றாதீங்க. நல்லா இருக்கா, வீட்ல காத்துக்கிட்டிருக்கான்னே சொல்லுங்க. இங்க வந்தப்புறம் பக்குவமா நான் சொல்லிக்கிறேன்."

சரி என்றேன். இதில் எனக்குப் புதிதாக ஒன்றுமில்லை. தூரத்தில் இருப்பவனுக்கு நம் ஆட்கள் சாவுச் செய்தியைச் சொல்ல மாட்டார்கள். "கொஞ்சம் முடியலை, ஒரு எட்டு வந்துட்டுப் போ" என்பார்கள். அவன் வாசலில் போட்டிருக்கும் நாற்காலிகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வான். பாசத்தில் சொல்லும் பொய். நானே ஆறேழு நோயாளிகளிடம் சொல்லியிருக்கிறேன். அதனால் யாருக்கும் கெடுதல் வந்து அதுவரை நான் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியின் நான்காவது மாடி, கடைசி அறை. நான் உள்ளே நுழைந்தபோது மணி ஒன்று ஐந்து. ஒரு கட்டில், ஒரு மானிட்டர், ஒரு சின்ன அலமாரி, பார்க்க வருபவர்களுக்கு ஒரு இரும்பு நாற்காலி. அவருடைய அறைத்தோழர், ஒரு வெல்டர், பெட்டியைக் கட்டி எடுத்துக்கொண்டு வந்து நின்றிருந்தார்.

"கூட்டிட்டுப் போற சிஸ்டர் நீங்கதானா? பத்திரமா கூட்டிட்டுப் போங்க. இவரு குறட்டை இல்லாம ரூம்ல ஒருத்தனுக்கும் தூக்கம் வர மாட்டேங்குது."

கிரேன்காரரின் உதட்டின் இடது ஓரம் மட்டும் மேலே போனது. சிரிப்பு. எனக்கு அது நல்ல அறிகுறி. அவருடைய இடது கையைப் பிடித்தேன்.

"ஆமான்னா ஒரு தடவை அழுத்துங்க. இல்லைன்னா ரெண்டு தடவை. சரியா?"

ஒரு தடவை அழுத்தினார். நல்ல பிடி. முப்பது டன் இரும்பைத் தூக்கி இறக்கிய கை.

வாசலில் வைத்து வெல்டர் குரலைத் தாழ்த்தினார். "போனை ஆஃப் பண்ணிப் பெட்டிக்குள்ள போட்டுட்டேன். இவரு மச்சான் சொல்லிட்டாரு. ஆன் பண்ணினா துக்க மெசேஜா வந்து கொட்டும்ல?"

"நல்லது."

"தினம் ஒன்னேகாலுக்கு மேல கூண்டுல இருந்து வீட்டுக்குப் போன் போடுவாரு சிஸ்டர். கீழ நாங்க டிபன் பாக்ஸைத் திறந்தா மேல இவரு வாயைத் திறப்பாரு. பத்தொம்பது வருஷம். ஒரு நாள் தப்பினது இல்ல. அப்படி என்னதான்யா பேசுவீங்கன்னு கேட்டேன். 'சாப்பிட்டியான்னு நான் கேப்பேன், நீங்கன்னு அவ கேப்பா. அவ்ளோதான்'னாரு. இதுக்கு எதுக்குய்யா தினம் ஒரு போன்னு ஓட்டுவோம்."

சிரிக்க முயன்று, முடியாமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"சரி, நீங்க போய்ச் சாப்பிட்டு வாங்க. இவ்வளவு நேரம் உக்காந்திருப்பீங்க" என்றேன்.

"எங்க உக்காந்தேன்? இப்பத்தான் வந்தேன், வந்ததுல இருந்து நிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் உள்ளே திரும்பினேன். அந்த இரும்பு நாற்காலி கட்டிலின் வலப்பக்கம், மெத்தையில் முட்டும்படி ஒட்டிக் கிடந்தது. வேறு யார் வந்தார்கள் என்று வார்டு நர்ஸைக் கேட்டேன். காலையிலிருந்து யாரும் இல்லை என்றார். என் கருவிகளை வைக்க இடம் வேண்டும். நாற்காலியைச் சுவரோரம் தள்ளினேன். அதன் கால்கள் தரையில் கிறீச்சிட்டன.

இன்னொன்றையும் கவனித்தேன். இந்த மாதிரிப் பக்கவாதத்தில் நோயாளியின் பார்வை பெரும்பாலும் நல்ல பக்கமாகவே திரும்பும். செயலிழந்த பக்கம் என்று ஒன்று இருப்பதையே சிலர் மறந்துவிடுவார்கள். இவர் மாறாக இருந்தார். கண் இமைக்காமல் வலப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வலப்பக்கம் சுவர்தான் இருந்தது.

மணி ஒன்று பதினைந்து. மானிட்டரில் நாடித்துடிப்பு எண்பத்திரண்டிலிருந்து நூற்று இருபத்தாறுக்குத் தாவியது. இரத்த அழுத்தம் நூற்றுத் தொண்ணூற்றாறு. நான் மருந்தை எடுத்தேன். எனக்குக் கவலை வந்ததற்குக் காரணம் உண்டு. மூன்று மணிக்கு ஆஸ்பத்திரி டாக்டர் வருவார். மேல் அழுத்தம் நூற்றெண்பதுக்கு மேல் இருந்தால் பயணத்துக்குக் கையெழுத்துப் போட மாட்டார். இன்றைய விமானம் போய்விட்டால் ஸ்ட்ரெச்சர் வசதியோடு அடுத்தது கிடைக்க மூன்று வாரம். அதுவரை இவர் தாங்குவாரா என்பது எனக்கு நிச்சயமில்லை. ஊரில் அம்மாவைப் பறிகொடுத்துவிட்டு அவருடைய ஒரே மகள் அப்பாவுக்காகக் காத்திருந்தாள்.

மருந்து கொடுத்தும் இறங்கவில்லை. ஒன்று முப்பத்தைந்து: நூற்றுத் தொண்ணூறு. ஒன்று ஐம்பது: நூற்றுத் தொண்ணூற்று நான்கு. மனசைத் தேற்றினால் இறங்கும் என்று நினைத்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஒத்துக்கொண்ட பொய்யைச் சொன்னேன்.

"நாளைக்குக் காலையில வீட்ல இருப்பீங்க. உங்க சம்சாரம் வாசலையே பாத்துக்கிட்டிருக்காங்க."

அவர் அழுத்தினார். ஒன்று. இரண்டு.

"இல்லையா? காத்துக்கிட்டிருக்காங்கங்க. நல்லா இருக்காங்க."

ஒன்று. இரண்டு.

அவர் கண் என் பக்கம் திரும்பவே இல்லை. யாரோ உளறியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். வெல்டராக இருக்கும். அவர் கையை விட்டுவிட்டு, என் கையைக் கழுவ அறையை ஒட்டிய குளியலறைக்குப் போனேன்.

இரண்டு மணி எட்டு நிமிடம். குழாயைத் திறந்திருந்தேன். தண்ணீர்ச் சத்தத்தின் ஊடே அறைக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. நம் பாஷை. மெதுவாக, கோபத்தை அடக்கிக்கொண்டு...

"பேசுங்களேன்..."

குழாயை மூடினேன்.

சத்தமில்லை. கதவைத் திறந்து பார்த்தேன். அவர் மட்டும்தான் படுத்திருந்தார்.

நாற்காலி கட்டிலை ஒட்டிக் கிடந்தது.

அது நகர்ந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அந்தத் தரையில் சத்தமில்லாமல் அதை நகர்த்த முடியாது. சற்று முன்புதான் நானே நகர்த்தியிருந்தேன்.

பெட்டியைத் திறந்து போனை எடுத்துப் பார்த்தேன். ஆஃப் ஆகித்தான் இருந்தது. யாருடைய குரல் பதிவும் ஓடவில்லை. வராந்தாவில் எட்டிப் பார்த்தேன். வார்டு நர்ஸின் மேஜை தூரத்தில். நடுவில் ஆள் நடமாட்டம் இல்லை.

இரண்டு இருபத்தொன்று. அழுத்தம் இருநூற்று இரண்டு. வலது கையைத் தூக்கித் தலையணை மேல் வைக்கப் போனேன். சட்டைக் கையை விலக்கியதும் அப்படியே நின்றுவிட்டேன். முழங்கைக்குக் கீழே நான்கு சிவந்த கோடுகள். மறுபக்கம் ஒன்று. விரல் தடம். யாரோ இறுக்கிப் பிடித்து உலுக்கியிருக்கிறார்கள். ஒன்று பத்துக்கு அந்தக் கையை நான் பரிசோதித்திருந்தேன். "தோலில் காயம் எதுவும் இல்லை" என்று என் கையெழுத்தில் இருக்கிறது.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே...

கை ஆடியது.

செத்துப்போன கை அது. மணிக்கட்டுக்கு மேலே பிடித்து யாரோ அசைப்பதுபோல் ஆடியது. ஒரு முறை. நின்று, மறுபடியும்.

இந்தத் தடவை குரல் என் காதுக்குப் பக்கத்தில் கேட்டது.

"ஏன் பேச மாட்டேங்கறீங்க?"

நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

அவர் வாயைத் திறந்தார். ஏதேதோ முயன்றார். "ங்... ங்..." அவ்வளவுதான் வந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் ஓடியது.

"ஏன்... என்ன தப்பு செஞ்சேன்..." மறுபடியும் அந்தப் பெண் குரல்தான்.

மணி இரண்டு முப்பத்தொன்பது.

ஓடியிருக்கலாம். கதவு ஐந்து எட்டில் இருந்தது. ஓடினால் இவரை யாரிடம் விடுவது? பயத்தில் மனிதர்கள் பழகின வேலையைத்தான் செய்வார்கள் போலிருக்கிறது. நான் என் வேலையைச் செய்தேன்.

எந்த நோயாளியை ஏற்றுக்கொண்டாலும் நான் ஒன்று செய்வேன். கால்மாட்டில் நின்று, அவருக்கு என்ன வந்தது, இப்போது எப்படி இருக்கிறார், இனி என்ன நடக்கப்போகிறது என்று அவருடைய பாஷையில் முதலிலிருந்து உரக்கச் சொல்வேன். பாதிப் பேருக்கு அதுவரை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். டாக்டர்கள் தலைமாட்டில் நின்று தங்களுக்குள் பேசிக்கொண்டு போயிருப்பார்கள். அன்று மானிட்டர் கத்திக்கொண்டிருந்ததில் அதைத் தள்ளிப்போட்டிருந்தேன்.

கால்மாட்டில் போய் நின்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலிருந்தது.

"உங்களுக்குப் பதினோரு நாளுக்கு முன்னாடி, கிரேன்ல இருக்கும்போது பக்கவாதம் வந்துச்சு. மேல தனியா இருந்தீங்க. ரெண்டு மணி நேரம் கழிச்சுத்தான் கீழ இறக்கினாங்க. மூளையில பேச்சுக்கான இடத்துல அடி. வலது கை, வலது கால் வராது. உங்களுக்கு எல்லாம் கேக்குது, எல்லாம் புரியுது. பேசணும்னு ஆசைதான். வாய் வர மாட்டேங்குது. பேசாம இருக்கறது உங்க தப்பு இல்ல. அன்னையில இருந்து உங்களால யார்கூடவும் ஒரு வார்த்தை பேச முடியலை..."

கை ஆடுவது நின்றது.

அறைக்குள் இருந்த ஏதோ ஒன்று மூச்சை இழுத்துப் பிடித்தது.

ஐந்து விநாடி. ஆறு.

பிறகு அழுகை.

கத்தல் இல்லை. வாயைத் துணியால் அடைத்துக்கொண்டு அழும் அழுகை. நாற்காலியிலிருந்து தொடங்கிக் கீழே இறங்கி, கட்டிலின் காலருகே தரையில்...

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கண்ணைத் திறந்தபோது இரண்டு ஐம்பத்திரண்டு. நாடி எழுபத்தெட்டு. அழுத்தம் நூற்று நாற்பத்தாறு. அவருடைய வலது கடைவாயில் எப்போதும் வழியும் எச்சில் துடைக்கப்பட்டிருந்தது. கன்னத்தில் இருந்த கண்ணீரும். துடைத்தது நான் இல்லை.

மூன்று மணிக்கு டாக்டர் வந்தார். எண்களைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

விமானத்தில் எதுவும் நடக்கவில்லை. ஒன்றைத் தவிர. செயலிழந்த கை எப்போதும் சற்றுக் குளிர்ந்திருக்கும். மணிக்கு ஒரு தடவை தொட்டுப் பார்ப்பது என் வழக்கம். அந்த இரவு முழுக்க அவருடைய வலது கை, நல்ல கையைவிடச் சூடாக இருந்தது. யாராவது நெடுநேரம் உள்ளங்கைக்குள் பொத்தி வைத்திருந்தால் எப்படி இருக்குமோ, அப்படி. எட்டு தடவை தொட்டேன். எட்டு தடவையும் எழுதி வைத்திருக்கிறேன். அவர் குறட்டை விட்டுத் தூங்கினார்.

விமான நிலையத்தில் மகளும் தாய்மாமனும் நின்றிருந்தார்கள். மகளுக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று இருக்கும். அப்பாவின் நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "ஒன்னுமில்லப்பா, தூசு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த நிலைமையிலும் பொய். மாமன் என்னைத் தனியே இழுத்தார்.

"சொல்லிடலையே?"

"இல்லைங்க."

"நல்லதுங்க சிஸ்டர். பெரிய உதவி."

அவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு வாரமாகத் தூங்காத முகம். கெட்டவர் இல்லை. ஒரு குடும்பத்தையே தன் இரண்டு கையால் மூடிக் காப்பாற்றிவிடலாம் என்று நினைத்த மனிதர்.

மூன்று வாரம் கழித்து அந்தப் பெண் போன் செய்தாள். நான் அப்போது வேறொரு நாட்டில், வேறொரு ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தேன். காலை பத்து இருபது.

"சிஸ்டர், வழியில எழுதின சார்ட் ஒரு காப்பி கிடைக்குமா? பிசியோ டாக்டர் கேக்கறாரு."

"அனுப்பறேன்மா. அப்பா எப்படி இருக்காரு?"

"சாப்பிடறாரு. இடது கையால என் தலைமுடியை இழுக்கறாரு. அம்மா விஷயம் அவருக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு சிஸ்டர். மாமா உக்காரவச்சு ஆரம்பிச்சாரு. அப்பா மாமாவைத்தான் தட்டிக்கொடுத்தாரு. நீங்கதான் சொன்னீங்களா? கோபம் இல்ல. சும்மா கேட்டேன்."

"நான் சொல்லலைம்மா."

அத்தோடு வைத்திருக்கலாம். எனக்குள் ஒரு கேள்வி மூன்று வாரமாக உட்கார்ந்திருந்தது.

"அப்பாவுக்கு இப்படி ஆனதைக் கேட்டு அம்மா எப்படிம்மா தாங்கினாங்க?"

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

"அம்மாகிட்ட நாங்க சொல்லவே இல்ல சிஸ்டர்."

"என்னது?"

"ஹார்ட் பேஷன்ட்டு, தாங்க மாட்டான்னு மாமா சொல்லிட்டாரு. புது சைட்டுக்கு மாத்திட்டாங்க, அங்க டவர் இல்லைன்னு சொன்னோம். அம்மா நம்பல. தினம் அந்த நேரத்துக்குப் போனை மடியில வச்சுக்கிட்டு உக்காருவாங்க. ஏழு நாள். கடைசி நாள் என்னைக் கூப்பிட்டு, 'அவருக்கு என் மேல என்ன கோபம்னு மட்டும் எப்படியாவது கேட்டுச் சொல்லுடி'ன்னாங்க. அப்பக்கூட நான் சொல்லல சிஸ்டர். காலையில சொல்லிக்கலாம்னு படுத்துட்டேன்."

அவள் அழவில்லை. அழுது முடித்த குரல்.

"தூக்கறதுக்கு முன்னாடி காதுலயாவது சொல்லிடலாம்னு குனிஞ்சேன். ரொம்ப அழறான்னு நகத்திட்டாங்க. தெரியாமலே போயிட்டாங்க."

என் கையில் இருந்த பேனா கீழே விழுந்தது. குனிந்து எடுக்கத் தோன்றவில்லை. உயிரோடு இருந்தபோதும் சொல்லவில்லை. போன பிறகும் சொல்லவில்லை. அப்படியானால் அந்த அறையில், அன்று இரண்டு முப்பத்தொன்பதுக்கு...

"அம்மாவுக்குத் தெரியும்மா" என்றேன். "நான் சொல்லிட்டேன்."

யாரிடம் என்று கேட்பாள் என நினைத்தேன். எப்படி என்று கேட்பாள், எனக்குக் கிறுக்கு என்று போனை வைப்பாள் என நினைத்தேன்.

"அம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"அழுதாங்கம்மா" என்றேன்.